எழுதினேன், சொல்லவில்லை

தோட்டத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி போன வாரம் அறக்கட்டளை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். நல்ல பெண். கையில் ஒரு டேப்லெட் வைத்திருந்தாள். இனிமேல் பதிவேடுகள் எல்லாம் அதில்தானாம். "தப்பா எழுதிட்டா பயமே இல்ல ஆன்ட்டி. மேல ஒரு தட்டு தட்டினா பழசு போயிரும், புதுசு வந்துரும்," என்று செய்தே காட்டினாள். பழையது எங்கே போகும் என்று கேட்டேன். "அது என்னத்துக்கு ஆன்ட்டி?" என்றாள்.

இனிமையான நினைவுகளாக இரண்டு பக்கம் போதும் என்று சொல்லிவிட்டுப் போனாள். உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். இனிமையாக வரவில்லை. இரண்டு பக்கத்திலும் அடங்கவில்லை. போட்டால் போடட்டும்.

நான் முப்பத்திரண்டு வருஷம் நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரெக்கார்ட் அறையில் இருந்தவள். நோயாளியின் கேஸ் ஷீட்டை வாங்கி, பக்கம் சரிபார்த்து, எண் போட்டு, அடுக்கி, கேட்டால் எடுத்துக் கொடுக்கிற வேலை. சேர்ந்த புதிதில் ஒரு மத்தியானம் பெரிய டாக்டர் ஒருவர் என் மேசைக்கு வந்தார். பிரசவத்தில் ஒரு பெண் இறந்திருந்தாள். டியூட்டி டாக்டர் வந்த நேரம் ஷீட்டில் இரண்டு பத்து என்று இருந்தது. "கையெழுத்து புரியல்ல, ஒரு ஃபேர் காப்பி எடும்மா, ஒண்ணு இருவதுன்னு எழுது," என்றார். எழுதினேன். பழைய தாளை அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணின் புருஷன் வந்து நகல் கேட்டான். நான் எழுதியதையே அவனுக்குக் கொடுத்தேன். அவன் அதை இரண்டு கையாலும் வாங்கி, "நன்றி சிஸ்டர்" என்றான். நான் நர்ஸ்கூட இல்லை.

அதற்குப் பிறகு யார் கேட்டும் நான் எதையும் மாற்றி எழுதியதில்லை. தப்பு என்றால் ஒரு கோடு, ஒரே கோடு, அடியில் இருப்பதைப் படிக்க முடியவேண்டும். பக்கத்தில் சரியானது, தேதி, என் சுருக்கொப்பம். இந்த ஒரு பழக்கத்துக்காக எனக்குப் பதவி உயர்வு இரண்டு தடவை தள்ளிப்போயிருக்கிறது. பரவாயில்லை என்றுதான் ஓய்வு பெற்றேன்.

நான் ஓய்வு பெற்றது சுனாமிக்கு அடுத்த வருஷம். கடலோரத்தில் வீடிழந்தவர்களுக்கு ஊரைவிட்டு உள்ளே தள்ளிக் குடியிருப்புகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு குடியிருப்பின் பக்கத்தில் தரிசாகக் கிடந்த மூன்று ஏக்கரை ஓர் அறக்கட்டளை எடுத்துப் பொதுத் தோட்டம் போட்டது. ஊரின் பெயரை எழுதவில்லை. அந்தப் பெண்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு பாத்தி என்று நாற்பது பாத்தி. அத்தனையும் பெண்கள் பெயரில். விதையும் உரமும் அறக்கட்டளை கொடுக்கும், விளைவதை அவர்கள் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். வாசலில் பெரிய போர்டு: "மருந்து அடிக்காத தோட்டம்." பதிவேடு எழுத ஆள் வேண்டும், சம்பளம் கிடையாது என்றார்கள். போனேன். செவ்வாயும் சனியும் டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

மீன் விற்கிற பெண்களுக்கு மண்வேலை என்ன தெரியும் என்று நினைத்துப் போனவள் நான். ஒரே வருஷத்தில் வாயடைத்துப் போனேன். உப்புக் கரித்த மண்ணில் சாணமும் சருகும் போட்டுப் போட்டு வெண்டை, கத்தரி, சீனியவரை, தண்டங்கீரை என்று எடுத்தார்கள். விடியுமுன் தண்ணீர் ஊற்றிவிட்டு, மீன் ஏலத்துக்குப் போய், தலையில் சருவம் என்கிற மீன் பாத்திரத்தோடு தெருத்தெருவாக விற்று, பொழுது சாயத் திரும்பி மறுபடியும் பாத்திக்கு வருவார்கள். பகல் பத்து மணிக்குத் தோட்டத்தில் ஈ காக்கை இருக்காது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லமாட்டேன், நானே சொல்கிறேன்: அதனால்தான் பின்னால் மருந்தடிக்க வந்த ஆட்கள் பத்து மணிக்கு வந்தார்கள்.

என் பதிவேடு பெரிய விஷயமெல்லாம் இல்லை. நீளவாக்கில் கோடு போட்ட கெட்டி அட்டை நோட்டு. பாத்தி எண், பெயர், விதைத்தது, பறித்தது, யார் தண்ணீர் முறை, தோட்டத்துக்குள் என்ன வந்தது, என்ன போனது. பக்கம் முடிந்ததும் கீழே நான் கையெழுத்துப் போடுவேன், அறக்கட்டளையின் களப்பணியாளர் ஜெபசிங் கையெழுத்துப் போடுவான். சனிக்கிழமை சாயங்காலம் நாற்பது பேரையும் உட்காரவைத்து அந்த வாரத்துப் பக்கங்களைச் சத்தமாக வாசிப்பேன். பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. காதால் கேட்டு, சரி என்றால் கையெழுத்து, இல்லையென்றால் ரேகை. "எனக்க வெண்டைக்கா ரெண்டு கிலோ இல்லக்கா, ஒண்ணரைதான். கூட்டி எழுதாதேங்க, கண்ணு பட்டுரும்," என்று திருத்துவார்கள். ஒரு கோடு, பக்கத்தில் ஒன்றரை, தேதி.

அறக்கட்டளைக்கு ராஜமணி சார் இயக்குநர். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. யாரையும் வேலை ஏவமாட்டார். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அக்கா, முட்டுவலி எப்படி இருக்கு? அந்தத் தைலம் கேட்டிச்சா?" என்று ஆரம்பிப்பார். உண்மையாகவே ஞாபகம் வைத்திருந்துதான் கேட்பார். கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைப்பார். துடைத்து முடித்து மறுபடி மாட்டும்போது நாம் செய்யவேண்டியது என்னவென்று சொல்லியிருப்பார். அது நம்முடைய யோசனை மாதிரியே இருக்கும். நான்கு வருஷம் நான் அவரை ஒரு பெரிய மனிதர் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஐந்தாவது வருஷம் தோட்டத்தில் மாவுப்பூச்சி விழுந்தது. கத்தரி இலையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டினது போல. வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் அடித்தார்கள், அடங்கவில்லை. பதினேழாம் பாத்தி செல்வமேரி ஒரு சனிக்கிழமை எழுந்து, "உருப்படியா ஒரு மருந்தை அடிச்சாலென்ன சார்? போர்டைப் பாத்து பூச்சி போயிருமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். ராஜமணி சாரும் சிரித்தார். அதைக்கூட நான் எழுதி வைத்திருந்தேன். பின்னால் அதையே காட்டித்தான் அவள் மேல் பழி போட்டார்கள்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை வெளிநாட்டிலிருந்து தோட்டத்துக்கு உதவி செய்கிறவர்கள் பார்க்க வருவதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை நான் விதை டின்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தே கால் இருக்கும். முதுகில் மருந்தடிக்கிற டின்னோடு இரண்டு ஆட்கள் வந்தார்கள், கூடவே ஜெபசிங். சாலை ஓரத்து நான்கு பாத்திகளுக்கு அடித்தார்கள். வாசலில் இறங்குகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அந்த நான்கும்தான். மூன்றில் கத்தரி, இன்னும் காய் பிடிக்கவில்லை. நான்காவது செல்வமேரியின் பதினேழு. அதில் பாதி கத்தரி, பாதி தண்டங்கீரை, பறிக்கிற பருவம்.

"என்ன மருந்து தம்பி?" என்று கேட்டேன்.

"வேப்பெண்ணெயாக்கும் அக்கா. எழுதிக்கோங்க."

வேப்பெண்ணெய் வாடை எனக்குத் தெரியாதா? இது மூக்கைப் பிடித்து இழுத்துத் தொண்டையில் போய் உட்கார்ந்தது. அடித்தவன் வாயில் துண்டு கட்டியிருந்தான். நோட்டை எடுத்து எழுதினேன்: "காலை 10.15. இரண்டு ஆட்கள், முதுகு டின். பாத்தி 14, 15, 16, 17. வேப்பெண்ணெய் என்று சொன்னவர் ஜெபசிங். வாடை வேப்பெண்ணெய் வாடை இல்லை." அதற்குக் கீழே விதை டின் கணக்கையும் எழுதி முடித்தேன். பக்கம் முடிந்தது. ஜெபசிங்கிடம் நீட்டினேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டான். எப்போதும் அப்படித்தான் போடுவான்.

பன்னிரண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். அந்தப் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது, காற்று நன்றாக வந்தது, எழுத வேண்டியதை எழுதிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே அறையத் தோன்றும்.

செல்வமேரி சாயங்காலம் மீன் விற்றுத் திரும்பி வந்து கீரை பறித்திருக்கிறாள். இலை காய்ந்திருந்தது, வாடையும் போயிருந்தது. புதன்கிழமை மீனுக்குப் போகாமல் இருந்து, மத்தியானம் மாமியாருக்குச் சோறும் கீரையும் வைத்துக் கொடுத்துவிட்டு, தானும் இரண்டு வாய் சாப்பிட்டிருக்கிறாள். அவளுக்கு வாந்தியோடு போயிற்று. மாமியார் அந்தோணியம்மாளுக்கு வாயில் நுரை தள்ளி, வேர்த்துக் கொட்டி, கை கால் வெட்டி இழுத்திருக்கிறது. ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள்.

எனக்கு வியாழக்கிழமை காலையில்தான் தெரியும். ஓடினேன். கிழவி தீவிர சிகிச்சையில் கிடந்தாள். டாக்டர் செல்வமேரியிடம் மூன்றாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்: "என்ன மருந்து அடிச்சீங்க? பேர் தெரிஞ்சா எங்களுக்குச் சுலபம்மா." அவள் அழுதுகொண்டே, "நாங்க மருந்தே அடிக்க மாட்டோம் சார், எங்க தோட்டத்துல போர்டே வச்சிருக்கு," என்றாள்.

நான் டாக்டரிடம் செவ்வாய்க்கிழமை மருந்து அடித்ததைச் சொன்னேன். வெளியே வந்து ஜெபசிங்குக்குப் போன் போட்டேன். "டப்பாவில உள்ள பேரை மட்டும் சொல்லு தம்பி, ஒரு உசிரு கெடக்கு." அவன், "வேப்பெண்ணெயாக்கும் அக்கா," என்றான். போனை வைத்துவிட்டான். பெயர் தெரியாமலே, உடம்பில் தெரிந்த குறிகளை வைத்து அந்த டாக்டர் கிழவியைக் காப்பாற்றினார்.

அதே வியாழக்கிழமை தோட்டத்து வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். மருந்து அடிக்க வேண்டும் என்று கூட்டத்திலேயே கேட்ட பதினேழாம் பாத்திக்காரர் தோட்ட விதியை மீறி, கடையில் விஷ மருந்து வாங்கி அடித்ததால் நீக்கப்படுகிறார், பாத்தி திரும்ப எடுத்துக்கொள்ளப்படுகிறது. அடியில் ராஜமணி சாரின் கையெழுத்து. வெள்ளிக்கிழமை வந்த வெள்ளைக்காரர்களுக்கு அந்த நோட்டீஸையே மொழிபெயர்த்துச் சொன்னார்களாம், நாங்கள் எவ்வளவு கண்டிப்பு பாருங்கள் என்று. மாமியாரை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு வராந்தாவில் தரையில் படுத்துக்கிடந்தாள் அவள். இங்கே அவள் பெயரைக் காட்டி நல்ல பெயர் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வியாழக்கிழமை மத்தியானமே ராஜமணி சார் என் வீட்டுக்கு வந்தார். செருப்பை ஒழுங்காக ஓரமாகக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, முட்டுவலியை விசாரித்தார். அவர் கையில் ஒரு புது நோட்டு இருந்தது. நான் எழுதுகிற அதே கம்பெனி, அதே அளவு, அதே பச்சை அட்டை. எங்கே தேடி வாங்கினாரோ.

"அக்கா, பழைய நோட்டு மழையில நனைஞ்சு போச்சு இல்லியா. இந்த வருஷத்துக்கு உள்ளதை ஒரு ஃபேர் காப்பி எடுத்திருவோம். உங்க கையெழுத்துதான் அழகு," என்றார். கண்ணாடியைத் துடைத்தார். "செவ்வாய்க்கிழமை எழுதினதை மட்டும் கொஞ்சம் சுருக்கிக்கலாம். வாடை, கீடை எல்லாம் வேண்டாமே. நாம என்ன டாக்டரா?"

"நோட்டு நனையல்ல சார்," என்றேன்.

"நனைஞ்சிரும் அக்கா." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அதே மெல்லிய குரல். "நாற்பது குடும்பம் அந்தத் தோட்டத்தில சாப்பிடுது. ஒருத்திக்காக எல்லார்க்கும் இல்லாமப் போகணுமா? நீங்களே யோசிச்சுப் பாருங்க."

எனக்கு இருபத்து நான்கு வயதில் ஒருவர் இப்படித்தான் மேசைக்கு வந்து நின்றார். அன்றைக்கு நான் பயந்தேன். இந்த வயதில் எதற்குப் பயப்பட வேண்டும்? "அந்த நோட்டை எடுத்துக்கிட்டு எழும்புங்க சார்," என்றேன். என் குரல் தெருவரைக்கும் கேட்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அவர் அவசரப்படாமல் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். புது நோட்டை மேசையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்.

பழைய நோட்டு தோட்டத்து அலமாரியில் இருந்தது. சாவி என்னிடம் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று. நேரே பஸ் பிடித்துப் போய் நோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எனக்குத் தெரிந்து ஒரு பதிவேட்டை அதன் இடத்தைவிட்டு நான் வீட்டுக்குக் கொண்டு வந்தது அந்த ஒரு தடவைதான்.

சனிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல எல்லோரும் உட்கார்ந்தார்கள். ராஜமணி சார் வந்து முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெபசிங் அவர் பின்னால் நின்றான். செல்வமேரி உள்ளே வர முடியாது. கம்பிவேலிக்கு அந்தப் பக்கம், வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று நாளாகத் துணி மாற்றியிருக்கவில்லை.

"இந்த வாரம் வாசிக்க வேண்டாம் அக்கா. எல்லாரும் மனசு கஷ்டத்தில இருக்காங்க," என்றார் அவர்.

நான் நோட்டைத் திறந்து வாசித்தேன். செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால். இரண்டு ஆட்கள், முதுகு டின். பாத்தி எண்கள். சொன்னவர் பெயர். வாடை. விதை டின்கள் எத்தனை. கீழே கையெழுத்துகள், முதலாவது நான், இரண்டாவது ஜெபசிங். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

பெண்கள் எல்லோரும் ராஜமணி சாரைப் பார்த்தார்கள்.

"பின்னால சேர்த்து எழுதினதா இருக்கும்," என்றார் ராஜமணி சார், மெதுவாக. "அக்காவுக்கு வயசாயிட்டு, பாவம்."

நோட்டைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினேன். "மேல மருந்து, நடுவில விதை டின், கடைசியில ஜெபசிங்கு கையெழுத்து. இடையில ஒரு வரிக்குக்கூட எடமில்ல. எப்பம் சேர்த்தேன்? சொல்லு தம்பி, இது ஒனக்க கையெழுத்துதானே?"

ஜெபசிங் தலையைக் குனிந்துகொண்டான்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து செல்வமேரி கூப்பிட்டாள். "அக்கா."

திரும்பினேன்.

"வாடை வேறேன்னு ஒங்களுக்கு அப்பமே தெரிஞ்சிருக்கு."

"தெரியும் மக்கா. அதாக்கும் எழுதினேன்."

"எழுதினிய. எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னும் ஒங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னியளா? அடுத்த வீட்டுப் பிள்ளகிட்ட, கீரையைப் பறிக்கண்டாம்னு சொல்லுன்னு ஒரு வார்த்தை? ஒங்க நோட்டு நல்லா இருக்கு. எனக்க மாமி அங்க வாயில குழாயோட கெடக்கா."

ராஜமணி சார் பொய் சொன்னார், ஜெபசிங் பொய் சொன்னான், அவர்கள் மேல் எனக்குள்ள கோபம் இந்த எட்டு வருஷத்தில் ஒரு துளி குறையவில்லை. ஆனால் அந்தக் கீரையைப் பறிக்கவிடாமல் தடுத்திருக்கக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருத்திதான். அவள் டின் எண்ணிவிட்டுப் பஸ் ஏறிப் போனாள்.

ராஜமணி சார் நோட்டுக்குக் கை நீட்டினார். நான் கொடுக்குமுன் முன்வரிசையில் இருந்த ஒருத்தி எழுந்து அதை என் கையிலிருந்து வாங்கி, தன் மீன் சருவத்துக்குள் வைத்து, மேலே துணியைப் போட்டு மூடி, தலையில் ஏற்றிக்கொண்டாள். "வேணும்னா வாங்கிப் பாரும் சார்," என்றாள். மற்றப் பெண்கள் எழுந்து அவளைச் சுற்றிக்கொண்டார்கள். யாரோ போய் வேலிக் கதவைத் திறந்து செல்வமேரியை உள்ளே இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

திங்கட்கிழமை நோட்டு வேளாண்மை அலுவலகத்துக்குப் போயிற்று, அங்கிருந்து போலீஸுக்கு. மருந்தின் காலி டப்பா அறக்கட்டளை ஜீப்பின் பின்னாலேயே கிடந்தது. ஜெபசிங்கை வேலையை விட்டு அனுப்பினார்கள். கையெழுத்துப் போட்டவன் மாட்டிக்கொண்டான், கண்ணாடி துடைத்தவர் தப்பித்துக்கொண்டார். ஆறு மாதம் கழித்து ராஜமணி சார் வேறொரு பெரிய அமைப்புக்கு இன்னும் பெரிய பதவியில் போனார். போகிறதற்கு முன்னால் செல்வமேரிக்கு ஒரு கடிதம் அனுப்பினார். வாசித்துச் சொல்லும்படி அதை என்னிடம் கொண்டுவந்தாள். "தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" என்று இருந்தது. அசௌகரியம் என்றால் என்ன என்று கேட்டாள். கடிதத்தைக் கிழித்துவிடலாமா என்றேன். "வேண்டாம், இருக்கட்டும்," என்று வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். அந்தோணியம்மாள் மூன்று வாரத்தில் வீட்டுக்கு வந்தாள். வலது கை கடைசிவரை பிடிமானம் கொள்ளவில்லை. மருமகள்தான் சோறு ஊட்டினாள்.

பதினேழாம் பாத்தி செல்வமேரிக்குத் திரும்பக் கிடைத்தது. நான் வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவளிடம் போய்ச் சொன்னேன். அவள் களை பறித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீங்க போனா இனி எழுதுயதுக்கு எவன் வருவான்? இன்னொருத்தன் நோட்டோட வருவான். இருங்க. நோட்டுல இன்னொரு கோடு போடுங்க."

"என்ன கோடு?"

"யாருக்கிட்டச் சொன்னியன்னு எழுதுயதுக்கு."

அன்றைக்கே புது நோட்டில் ஸ்கேல் வைத்துக் கடைசிக் கட்டத்தை இரண்டாகப் பிரித்தேன். மேலே "சொன்னது யாரிடம்" என்று எழுதினேன். தோட்டத்துக்குள் எது வந்தாலும், எவர் வந்தாலும், அந்தக் கட்டம் நிரம்பாமல் நான் பக்கத்தை மூடுவதில்லை என்று ஆயிற்று. முதலில் பெண்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களே வந்து, "எனக்கிட்டச் சொல்லியாச்சு, எழுதிக்கோங்க," என்றார்கள்.

அடுத்த வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரு டெம்போ வாசலில் நின்றது. முன்பின் தெரியாத ஒருவன் சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு நேராகப் பாத்திகளுக்கு நடந்தான். சாக்கில் எழுத்து எதுவும் இல்லை. நான் நோட்டைத் தொடவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அறுபத்து மூன்று வயதில் இந்த முட்டுவலியோடு, குடியிருப்பின் முதல் தெருவுக்கு ஓடினேன். "ஏட்டி, வாருங்க! யாரும் ஒண்ணும் பறிக்காதேங்க! வாருங்கட்டி!" என்று வீடு வீடாகக் கத்தினேன். மீனுக்குப் போகாமல் இருந்த ஏழெட்டுப் பேர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அன்றைக்குச் செல்வமேரியும் வீட்டில் இருந்தாள். அவள்தான் முதலில் போய்ச் சாக்கைப் பிரித்தாள்.

வேப்பம்புண்ணாக்கு. புதிதாக வந்த இயக்குநர் சொல்லாமல் அனுப்பி வைத்திருக்கிறார்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாக்குக்காரன் மிரண்டுபோய் நின்றான். நான் மூச்சு வாங்கிக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இல்லை. செல்வமேரி மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போய் நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாள்.

"இப்பம் எழுதுங்க," என்றாள்.